தியேட்டர் வாசலில் அறுபத்தோரு நாள்

படம் முடிந்து வெளியே வருகிறவருக்கு மூன்று அவசரங்கள் உண்டு: பாத்ரூம், பைக், பசி. இந்த மூன்றுக்கும் குறுக்கே மைக்கை நீட்டி, "படம் எப்டி இருந்துச்சு?" என்று கேட்பதுதான் என் தொழில். யூடியூபில் மக்கள் கருத்து வீடியோ பார்த்திருப்பீர்கள். ஒருவர் மூச்சு வாங்க, "ஃபர்ஸ்ட் ஆஃப் செம, செகண்ட் ஆஃப் இழுவை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய தாடைக்குக் கீழே ஒரு கை மட்டும் தெரியும். அந்தக் கை என்னுடையது. மைக் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை கழன்ற தோழர்களே, தோழிகளே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கள் ஆட்சி. நான் மைக், வண்ணாரப்பேட்டை ரஃபி பாய் கேமரா. இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்றே என் அம்மா எனக்கும் ஒரு கெடு வைத்துவிட்டாள். அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா போட்டு, அதாவது விசைப்படகு, ஓட்டுகிறவர், அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். ஆக வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு, ஓய்வு என்றால் என் விஷயம்தான் பேச்சு. "ஆம்பளைங்க மூஞ்சில மைக்க நீட்டிகினு நிக்கிறது ஒரு வேலையா? போட்டு கடலுக்குப் போற அன்னிக்கு நீ மாத்தூருக்குப் போற. சாந்தி சொல்லி வச்சிகீது" என்றாள். சாந்தி என் சித்தி, மாத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர்; எங்கள் வீடியோ ஒன்றையும் விடாமல் பார்க்கிறவள்.

எனக்கு சினிமா என்றால் உயிர். எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் பாதியில் எழுந்து வந்தவள் இல்லை. மைக்கை விட்டுவிட்டுச் சட்டைக்குக் காஜா அடிக்கப் போவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அம்மா என் வீடியோ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு எரிச்சல். பார்த்தால் மாறிவிடுவாள் என்று நம்பினேன். "செல்லுல பாக்குறதெல்லாம் ஒரு படமா?" என்று போனைத் தள்ளிவிடுவாள்.

அட்வான்ஸ் கருத்து

பெரிய ஹீரோ படம், முதல் நாள் காலைக் காட்சி. பாலாபிஷேகம், பறை, பட்டாசு. எனக்கு இந்த நேரத்தில் கால் தரையில் நிற்காது. ஹீரோவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் அவர் படம் ரிலீஸாகிற காலையை ரொம்பப் பிடிக்கும். ரஃபி பாய் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வெடிப் புகைக்குள் இருமிக்கொண்டிருந்தார்.

கதவு திறக்குமுன் ஒரு ரசிகர் என் முன்னால் வந்து நின்றார். வேட்டி, கழுத்தில் ஹீரோ படம் போட்ட துண்டு. "எடுத்துக்க தங்கச்சி" என்று ஆரம்பித்து, படம் பிரமாதம், கிளைமாக்ஸில் கண் கலங்கிவிட்டது, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். "அண்ணே, நீங்க இன்னும் உள்ளயே போகலையே?" என்றேன். வெளியே வரும்போது கூட்டம் தள்ளும், அப்போது ஒழுங்காகப் பேச முடியாது என்று விளக்கினார். ஒருவேளை படம் நன்றாக இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நல்லா இல்லன்னா படத்த இன்னொரு தபா பாப்பேன். பேச்ச மாத்த மாட்டேன்."

பின்னால் இருக்கிற வலை

தடைக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தியேட்டர்களின் பகல் காட்சிக்கு வந்து பாருங்கள். பாதி சீட்டில் போட்டுக்காரர்கள். வருஷம் முழுக்கக் கடலில் கிடக்கிறவர்கள் ஏசியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கடல் படத்தை ரிலீஸ் செய்தாரே, அந்தத் தயாரிப்பாளரின் தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

படம் விட்டதும் போட்டுக்காரர்கள் எட்டுப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மைக்கை நான் நீட்டவே இல்லை, அவர்களே பிடுங்கிக்கொண்டார்கள். ஹீரோ புயலில் போட்டின் மூக்கில் நின்று வலை இழுக்கிறார், அதுதான் வழக்கு. "வலை பின்னாடி கீது மாமு, இவன் முன்னாடி நின்னு இன்னாத்த இழுக்குறான்?" என்று ஒருவர். வலையைச் சுருட்டி இழுக்கிற வின்ச் மெஷின் எங்கே என்று இன்னொருவர். மீனைக் கொட்டிய பிறகு ஐஸே போடவில்லை, அந்த மீன் கரைக்கு வருவதற்குள் நாறிவிடும் என்று மூன்றாமவர். இருபது நிமிஷம் விசாரணை நடந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எந்தப் பத்திரிகை விமர்சகர் ஐஸைப் பற்றிக் கேட்டிருக்கிறார், சொல்லுங்கள்!

எல்லாரையும் விட அதிகமாகக் கத்திய பெரியவர் கடைசியில் என்னைத் தனியாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அவன் அம்மா சாவுற சீனுல நான் அழுதுட்டேன். அத்த போடாத, பசங்க கலாய்ப்பானுங்க."

எட்டு எபிசோட் க்யூ

தியேட்டரில் புதுப் படம் இல்லாத வாரம். சேனல் ஓனர், ஓடிடியில் வந்திருக்கும் துப்பறியும் தொடரைப் பற்றி மக்கள் கருத்து எடுத்து வரச் சொன்னார். வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கிறவர்களை எந்த வாசலில் பிடிப்பது? ரஃபி பாய்தான் யோசனை சொன்னார். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் போனோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் லாரி. ஒவ்வொரு ஸ்டியரிங்கிலும் ஒரு போன் சாய்ந்திருந்தது. புதையல் கிடைத்த மாதிரி குதித்தேன்.

சேலத்துக்காரர் ஒரு டிரைவர் என்னைக் கேபினில் ஏற்றி உட்கார வைத்தார். கொலைகாரன் யார் என்று மூன்றாம் எபிசோடிலேயே தெரிந்துவிட்டதாம். மீதி ஐந்தையும், போலீஸ்காரர் எப்போது கண்டுபிடிப்பார் என்ற கவலையில் பார்த்தாராம். என் கருத்தும் அதுதான். அந்தத் தொடரில் போலீஸ் ஜீப் எல்லா சிக்னலிலும் நின்று நின்று போகிறது. ஆறு எபிசோடில் சொல்ல வேண்டிய கதை. நான் இதைச் சொன்னதும் டிரைவர் பதறிவிட்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க தங்கச்சி. எட்டு எபிசோடும் முடிஞ்சிருச்சு, என் வண்டி இன்னும் கேட்டுக்கு நாப்பது வண்டி பின்னாடி நிக்குது."

கோமாவில் ஒரு மருமகள்

அடுத்த வாரம் சீரியல். தண்டையார்பேட்டையில் ஒரு ஹவுசிங் போர்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த மாடியில் ஏறினாலும் ஒரே மாமியாரின் குரல். கதைப்படி மருமகளுக்கு லாரி மோதி நாலு வாரமாகக் கோமா. தலையில் கட்டு, உதட்டில் மட்டும் லிப்ஸ்டிக் கலையவில்லை. இது அநியாயம் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஆனாலும் ஏழு மணிக்கு என் கால் தானாக டிவி முன்னால் போய் நின்றுவிடும்.

மூன்றாம் மாடியில் ஒரு அக்கா மைக்கைப் பார்த்ததும் கையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்தப் பெண் பிழைக்க வேண்டும் என்று வடிவுடையம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாராம். விளக்குப் போடும் வரை அவளைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேசமாட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். மனசார வேண்டியிருக்கிறார். படி இறங்கும்போது அவரே பின்னால் ஓடி வந்தார்.

"அந்தப் பொண்ணு வேற சேனலுக்குப் போய்டுச்சுன்னு சொல்றாளுங்களே. நான் வேண்டிக்கினது அந்த சேனலுக்கும் செல்லும்ல?"

மூலக்கொத்தளம் ரௌடி

கெடு முடியப் பத்து நாள். வடசென்னைப் படம் ஒன்று வந்தது. உள்ளே உட்கார்ந்து பார்த்த எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் விடிவதே இல்லை போலிருக்கிறது, படம் முழுக்க ஒரு பச்சை இருட்டு. டீக்கடைக்காரர் கையில் கத்தி, பூக்காரம்மா கையில் கத்தி. நாங்கள் பேசுகிற பேச்சை ஹீரோ வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுகிறார். ஆபீஸ் போகிறவர், நீட் படிக்கிற பெண், பிரியாணி மாஸ்டர், ஒருவரும் கண்ணில் படவில்லை. கோபத்தோடுதான் வாசலில் நின்றேன்.

முதலில் வந்தவர் மூலக்கொத்தளத்துக்காரர். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை. என் மனசில் இருந்ததை வரிசையாக அப்படியே பேசினார். "இன்னா நெனச்சிகினு கீறானுங்க நம்மள? எம்பொண்ணு பேங்க்ல வேலை செய்யுது. இத்த பாத்துட்டு நாளைக்கு அத்த யாரு மரியாதையா பாப்பான்?" என்றார். எனக்குக் கண் கலங்கியது. கேமராவுக்குப் பின்னால் ரஃபி பாய் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தார். இந்த ஒரு பேச்சுக்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கலாம் என்று தோன்றியது. நன்றி சொல்லி மைக்கை இறக்கினேன். அவர் நகரவில்லை. கொஞ்சம் நெளிந்துவிட்டு, மார்க்கெட் சண்டையில் பச்சை லுங்கி கட்டிக்கொண்டு அரிவாளோடு ஓடுகிறவரைக் கவனித்தாயா என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நான்தாம்மா அது. ரௌடியா காமிச்சது தப்புதான், ஆனா இன்னும் கொஞ்ச நேரம் காமிச்சிருக்கலாம்."

கடைசி நாள்

மறுநாள் போட்டுகள் கிளம்ப வேண்டும். அப்பா விடியற்காலையே டீசல் பிடிக்கக் காசிமேடு போய்விட்டார். மாத்தூர் போக என் டிபன் பாக்ஸைக்கூட அம்மா தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் கடைசி முறையாக என்று நினைத்துக்கொண்டு திருவொற்றியூர் தியேட்டர் வாசலுக்குப் போனேன். ஒரு சின்னப் படம். தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது. புருஷன் நோயில் படுத்துவிட, ஐம்பது வயதில் ஷேர் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. அவள் முதன்முதலாக ஆட்டோவை ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில் நான் சீட்டை விட்டு எழுந்து நின்று கைதட்டினேன். இந்த வருஷத்தின் முதல் இடம் அந்தப் படத்துக்குத்தான். யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடத் தயார்.

படம் விட்டது. முதலில் நாலு பையன்கள் வந்தார்கள். ஒருவன் மைக்கை என் கையோடு சேர்த்துப் பிடித்து, "படத்த உடு, நீ எப்டி கீற?" என்றான். கையை உதறி மைக்கை இறக்கினேன். "படத்தப் பத்தி பேசறதுன்னா பேசு. இல்லன்னா வழிய உடு, பின்னால ஆளு நிக்குது" என்றேன். குரலை உயர்த்தவில்லை, ஒரு அடி பின்னால் போகவும் இல்லை. அவனுடைய நண்பர்களே அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். பதினைந்து பேராவது பேசியிருப்பார்கள். வாயே திறக்காத ஒரு அத்தையைக்கூட, ஆட்டோ ஓட்டத் தெரியுமா என்று கேட்டு மூன்று நிமிஷம் பேச வைத்தேன்.

அப்போதுதான் ரஃபி பாய் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என் பின்னால் பார்த்தார். திரும்பினேன். பைக் நிறுத்தும் இடத்தில் மார்க்கெட் அம்மாக்கள் மூன்று பேர், நடுவில் என் அம்மா. அதே காட்சிக்குத்தான் படம் பார்க்க வந்திருக்கிறாள். அந்தப் பையன் கையைப் பிடித்ததிலிருந்து அங்கேயே நின்று முழுக்கப் பார்த்திருக்கிறாள். அம்மா நேராக வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கேமராவுக்கு முன்னால் நின்றாள். வேறு வழியில்லாமல் மைக்கை நீட்டினேன். "படம் எப்டி இருந்துச்சு?" என்றேன்.

"சுமார்தான்" என்றாள் அம்மா. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவளுக்கு மதியம் வரை தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை, நம்புகிற மாதிரி இல்லை என்றாள். அதற்குப் பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மார்க்கெட்டில் நாலு கடைக்கு அந்தப் பக்கம் கேட்கிற அதே குரல்.

"சாந்தி, நீ இத்த எப்டியும் பாப்ப. உன் கம்பெனிக்கு வேற ஆளப் பாத்துக்க, எம்பொண்ணுக்கு இங்க வேலை கீது."

இந்தத் தொழிலில் நான் கேட்ட கருத்துகளிலேயே மிகச் சிறந்தது அதுதான், ஆனால் அந்தப் படம் சுமார் என்று அம்மா சொன்னதை மட்டும் நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.