தள்ளி நிற்கக் கற்ற ஏலக்காரர்

ராய்ஸ் டிட்வெல் வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்தவர்கள் ஹார்லன்ஸ்வெல்லில் ஒருவரும் கிடையாது. அந்த ஊர்ப் பல் மருத்துவருக்கு மட்டும் அதனால் வேலை சுலபம்.

டெக்ஸஸில் மாட்டுச் சந்தை ஏலக்காரர்கள் எல்லோருமே வேகமாகப் பேசுகிறவர்கள்தான். ஆனால் ராய்ஸ் மேடையேறினால் காற்றே ஒதுங்கி வழிவிடும். ஒரு சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையைத் தூக்கிக் கொட்டாவி விட்டார். விட்ட கொட்டாவி முடிந்து கையை இறக்குவதற்குள் அவர் பதினோரு மாடுகளுக்குச் சொந்தக்காரர் ஆகியிருந்தார். நம்பாதவர்கள் அந்த மாடுகளை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், நன்றாகத்தான் இருக்கின்றன.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அந்த ஜனவரியில் மகளுக்கு வாத்தியாராக்கினார்கள்.

மகள் லெட்டிக்குப் பதினோரு வயது. அவள் படித்தது தேவாலயத்தின் பின்கட்டில் நடந்த கிறிஸ்தவப் பள்ளியில். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் அங்கே டீச்சர் பாடம் நடத்துவார். செவ்வாயும் வியாழனும் வீட்டில். வீட்டு நாள் என்றால் விடுமுறை என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைக்குச் சமையலறை மேசைதான் வகுப்பறை, பெற்றவர்தான் ஆசிரியர். என்ன படிக்க வேண்டும் என்று ஒரு தாள் நீல உறையில் முந்தின நாளே வந்துவிடும். ஜெபத்தோடு ஆரம்பித்து, தாளில் உள்ளதை முடித்து, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பாதிப் பாடம் பள்ளியிலும் பாதிப் பாடம் வீட்டிலும் நடப்பதால், இரண்டில் எந்தக் கால் நொண்டினாலும் வண்டி சாய்ந்துவிடும்.

அதுவரை வீட்டு நாளைப் பார்த்துக்கொண்டவள் மனைவி கோரா. ஆஸ்பத்திரி நர்ஸ். புது வருஷத்தில் அவளுக்குச் செவ்வாயும் வியாழனும் பகல் பணி என்று மாற்றிவிட்டார்கள்.

"உங்களால முடியுமாங்க?" என்று கேட்டாள் கோரா, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே.

"முரட்டுக் காளையவே நிக்க வச்சுப் பேசறவன் நான். ஒரு சின்னப் பொண்ணுக்குப் பாடம் சொல்லித் தர முடியாதா?"

"காளை திருப்பிக் கேள்வி கேக்காது."

"நீ வேலைக்குக் கெளம்பும்மா."

அவள் கிளம்பினாள். ராய்ஸ் நீல உறையைப் பிரித்தார். தாளில் மூன்று பத்திகள். முதலாவதில் பாடம், இரண்டாவதில் செய்ய வேண்டிய வேலை, மூன்றாவதில் பாடத்துக்கு ஒன்றாகச் சின்ன எழுத்தில் ஓரிரு வார்த்தைகள். மாட்டுப் பட்டியலிலும் கடைசிப் பத்தி ஒன்று உண்டு. எந்த மாடு எந்தப் பட்டியில் நிற்கிறது என்று பட்டி ஆட்களுக்காக எழுதுவது. ஏலக்காரன் அதைப் படிக்க மாட்டான். இருபது வருஷப் பழக்கம். ராய்ஸின் கண் இரண்டாவது பத்தியோடு நின்று திரும்பிவிட்டது.

அந்த மூன்றாவது பத்தியில்தான் விஷயமே இருந்தது. சில பாடங்களுக்கு எதிரே 'கற்பிக்கவும்' என்றிருந்தது. சிலவற்றுக்கு 'கூட உட்காரவும்'. இன்னும் சிலவற்றுக்கு 'தள்ளி நிற்கவும்'. பெற்றவர்களுக்குத்தான் அந்த உத்தரவு.

கணக்கில் பின்னம் வந்தது. பின்னம் என்றாலே ராய்ஸுக்கு ஆகாது. ஒன்பதாம் வகுப்போடு அவர் படிப்பை நிறுத்தியதற்கு அப்பாவின் பண்ணை வேலைதான் காரணம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார். உண்மைக் காரணம் பின்னம். "இதெல்லாம் டீச்சர் சொல்லித் தந்திருப்பாங்க. நீயே போட்டுப் பாரு கண்ணு" என்று தாளை மகள் பக்கம் தள்ளிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கணக்குக்கு எதிரே இருந்தது 'கற்பிக்கவும்'.

அடுத்தது கட்டுரை. அங்கே மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல லெட்டி எழுதினாள். அவளுடைய பென்சில் சூடேறி மேசையில் கரிக்கோடு விழுந்தது என்று கோரா பிற்பாடு சொல்வாள். கட்டுரைக்கு எதிரே இருந்தது 'தள்ளி நிற்கவும்'.

ஏழு வாரம் இப்படியே ஓடியது. மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லெட்டியின் டீச்சர் ராய்ஸை வரச் சொன்னார். ஓட்டிலி குரூசே என்று பெயர். உயரம் குறைவுதான், ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தால் ஆறடி ஆள் தொப்பியைக் கழற்றுவான். ராய்ஸ் கழற்றினார்.

"பொறுமைங்கற தலைப்புல உங்க பொண்ணு எழுதின கட்டுரை. படிக்கறேன், கேளுங்க" என்றார் டீச்சர். "'பாருங்கள் இந்தப் பொறுமையை! அகலமான தோள், நேரான முதுகு. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் சளைக்காது. இன்றைக்கு விட்டால் இதைப் போல் ஒன்று நாளைக்குக் கிடைக்காது!'"

"நல்லா இருக்கே மேடம்" என்றார் ராய்ஸ், தன்னை மறந்து.

"நல்லாத்தான் இருக்கு. படிச்சதும் நானே ரெண்டு பொறுமை வாங்கிக் கட்டிப்போடலாமான்னு யோசிச்சேன். யார் எழுதினது மிஸ்டர் டிட்வெல்?"

ராய்ஸ் தொப்பியின் விளிம்பை ஒரு முழுச் சுற்று சுற்றினார். "பென்சில் அவ கையிலதான் இருந்துச்சு மேடம்."

"பின்னத்துல எழுதினது மட்டும் அவளே எழுதினது. இருபதுக்கு மூணு மார்க்." டீச்சர் வீட்டு நாள் தாளை மேசையில் விரித்து மூன்றாவது பத்தியில் விரலை வைத்தார். "இது யாருக்குன்னு நெனச்சீங்க?"

ராய்ஸ் அப்போதுதான் முதல்தடவையாக அந்தப் பத்தியைப் படித்தார். காது நுனியிலிருந்து கழுத்துவரை சிவந்துபோனது. அன்று பின்கட்டில் விளக்குப் போட வேண்டியிருக்கவில்லை என்று சொல்வார்கள்.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாங்க பிள்ளைய மட்டும் சேர்த்துக்கறதில்ல, குடும்பத்தத்தான் சேர்த்துக்கறோம். ரெண்டு நாள் வீட்டுல நடக்கலேன்னா மூணு நாள் இங்க நடத்தி ஒண்ணுமில்ல. மே மாசம் முதல் வெள்ளிக்கிழமை வாய்மொழிப் பரீட்சை. அதுல அவ பின்னம் தேறலேன்னா அடுத்த வருஷத்துக்கு அவ இடத்த இன்னொரு குடும்பத்துக்குக் குடுத்துடுவாங்க. எனக்கு அதுல சந்தோஷமில்ல."

வண்டியில் திரும்பும்போது லெட்டி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "டாடி, நான் இந்த ஸ்கூல விட்டுப் போக மாட்டேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ராய்ஸுக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜெபம் முடிந்ததும் ராய்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கண்ணு, ஒரு விஷயம் சொல்றேன். ஊருல யாருக்கும் தெரியாது. எனக்குப் பின்னம் வராது."

லெட்டி பென்சிலைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"ரெசிபி பாதியா குறைக்கச் சொன்னா நீங்க ரெண்டு மடங்கா சமைக்கறீங்களாம்."

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே படித்தார்கள். 'கற்பிக்கவும்' என்று போட்ட இடத்தில் ராய்ஸ் முந்தின மாலையே பாடத்தைப் படித்துவைத்தார். புரியாததை வெட்கத்தை விட்டுக் கோராவிடம் கேட்டார். இரும்புச் சட்டியில் சோளரொட்டி சுட்டு மூன்றாக வெட்டினார்கள். அதில் ஒன்றை நாலாக வெட்டினார்கள். வெட்டியதைத் தின்றார்கள். பாடம் ஏற ஏற இருவருக்கும் இடுப்புவார் ஒரு துளை தள்ளிப்போனது.

ஒருநாள் பின்னம் ராய்ஸுக்கே புரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்த பசுவிடம் போய், "மிச்சத்துல பங்கு வேற, முழுசுல பங்கு வேற! தெரியுமா ஒனக்கு?" என்று கத்தினார். பசு தலையாட்டியது. அவருக்கு அது போதும்.

அதற்கப்புறம் வந்ததுதான் நிஜமான கஷ்டம். ஏப்ரலில் கணக்குக்கு எதிரே இருந்த வார்த்தை 'தள்ளி நிற்கவும்' என்று மாறியது. மகள் தவறான எண்ணை எழுதுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ராய்ஸ் டிட்வெல்! சும்மா!

"பதினஞ்சு இல்ல, பன்—"

"டாடி!"

"சரி, சரி."

லெட்டி ஒரு சட்டம் போட்டாள். விடையை முந்திச் சொன்னால் மாட்டுக் கொட்டகையை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். முதல் வியாழனன்று அவர் நடந்த நடையில் புல் தேய்ந்து பாதை விழுந்துவிட்டது. அடுத்த வாரம் தபால்காரர் அதைப் புது ரோடு என்று நினைத்து மூன்று தடவை சுற்றி வந்தார். இரண்டாவது வாரம் இருபது சுற்று. மூன்றாவது வாரம் ஆறு. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் ராய்ஸ் வெளியே போகவே இல்லை. அன்றைக்கு லெட்டி ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, முகத்தைச் சுளித்து, தானே அடித்து, தானே திருத்தினாள். வேலை விட்டு வந்த கோரா, மூடிய வாயோடு உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்து நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மே மாத முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் தேவாலயக் கூடத்தில் பரீட்சை. ஒவ்வொரு பிள்ளையும் கரும்பலகை முன்னால் நின்று, டீச்சர் கேட்டதைப் போட்டு விளக்க வேண்டும். பெற்றவர்கள் பின்னால் மடக்கு நாற்காலிகளில் இருந்தார்கள். கோரா நர்ஸ் உடையிலேயே வந்திருந்தாள்.

லெட்டியின் முறை வந்தது.

"ஒரு வயல்ல மூணுல ரெண்டு பங்க உழுதாச்சு" என்றார் குரூசே டீச்சர். "மிச்சத்துல நாலுல மூணு பங்க மறுநாள் உழறாங்க. இன்னும் உழாம கெடக்கறது எவ்வளவு?"

லெட்டி சாக்குக்கட்டியை எடுத்தாள். மூன்றில் இரண்டு. அதன் பக்கத்தில் நாலில் மூன்று. நடுவில் கூட்டல் குறி.

ராய்ஸ் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். மிச்சத்தில் பங்கு வேறு, முழுசில் பங்கு வேறு. பசுவுக்கே தெரிந்த விஷயம்! அவருடைய வாய்க்குள் அந்த வார்த்தைகள் பட்டிக் கதவை முட்டும் காளைகள் மாதிரி முட்டின. கோரா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

லெட்டி கூட்டி முடித்தாள். பன்னிரண்டில் பதினேழு. சாக்குக்கட்டி நின்றது.

லெட்டி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ராய்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மட்டும் திறந்துவைத்திருந்தார். ஐந்து நொடி. பத்து. இருபது. அதற்குள் அவர் ஒரு மந்தையையே விற்றிருப்பார். நாற்பது நொடி ஆனபோது மீசை நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. சத்தம் வரவில்லை.

லெட்டி பலகைப் பக்கம் திரும்பினாள். "இது சரியில்ல மேடம்" என்றாள். "வயலை விட உழுதது அதிகமா இருக்கு. இப்படி உழுதா பக்கத்துப் பண்ணைக்காரர் துப்பாக்கியோட வந்துடுவார்."

யாரோ சிரித்தார்கள். லெட்டி சிரிக்கவில்லை. கூட்டலை அழித்தாள். "மொதல் நாள் போக மிச்சம் மூணுல ஒண்ணு. அதுல நாலுல மூணு உழுதாச்சு. அப்போ அதுல நாலுல ஒண்ணு மிச்சம். மூணுல ஒண்ணோட நாலுல ஒண்ணு..." எழுதினாள். "பன்னிரண்டுல ஒண்ணு."

"சரிதானான்னு எப்படித் தெரியும்?"

லெட்டி பலகையில் ஒரு கட்டம் போட்டு, பன்னிரண்டாகப் பிரித்து, பதினொன்றைக் கோடு போட்டு நிரப்பிக் காட்டினாள். ஒரு சின்னச் சதுரம் காலியாக மிஞ்சியது.

"தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான் மேடம். வேற யாரும் எதுவும் சொல்லல."

குரூசே டீச்சர் தன் புத்தகத்தில் ஏதோ எழுதினார். எழுதிவிட்டு முதல்தடவையாகப் பின்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "அதை நாங்களும் கவனிச்சோம். ஆகஸ்டுல அடுத்த வகுப்புல பார்க்கலாம் லெட்டி. உன் குடும்பத்தோட."

கோரா அழுதுகொண்டே கைதட்டினாள். கூடமே தட்டியது. லெட்டி சாக்குப்பொடி கையோடு நாற்காலிகளுக்கு நடுவே ஓடிவந்து, ஊதா நிறமாகிக்கொண்டிருந்த அப்பாவின் தோளை உலுக்கினாள்.

"டாடி, முடிஞ்சுது! இப்போ பேசலாம்!"

ராய்ஸ் பேசினார். ஒரு மாதமாகத் தேக்கிவைத்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. என்ன சொன்னார் என்பதில் ஹார்லன்ஸ்வெல்லில் இன்றுவரை ஒருமித்த கருத்து கிடையாது. முழு ஜெபம் ஒன்று சொல்லி ஆமென் வரை முடித்தார் என்கிறார் போதகர். பின்ன வாய்ப்பாட்டை மூன்றிலிருந்து பன்னிரண்டுவரை ஒப்பித்தார் என்கிறாள் கோரா. முன்வரிசையில் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்த ஒரு தாத்தா மட்டும், ஏலத்தில் தன் பேருக்கு ஏதாவது மாடு விழுந்துவிட்டதா என்று வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.