ஜாதுகரில் வைத்திருந்த கொலு

அந்த வருஷம் எங்கள் வீட்டில் கொலு கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பொம்மைப் பெட்டியின் சாவி தொலைந்துபோயிற்றாம். பூட்டை உடைக்கலாமே என்றேன். எனக்கு ஏழு வயது; எல்லாவற்றுக்கும் என்னிடம் யோசனை இருந்தது. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பவானிப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் எங்கள் கொலுதான் பெரியது என்ற என் பெருமை அதோடு போயிற்று. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். விளையாடத் தம்பிப் பாப்பாவும் இல்லை. அவனை ஆடி மாதமே ஊருக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்பா, சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும், எங்கள் இருவரையும் டிராமில் சௌரங்கி வீதிக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த அருங்காட்சியகத்தை வங்காளிகள் ஜாதுகர், அதாவது மாயவீடு என்பார்கள். மறுநாள் அமாவாசை, பொம்மை எடுத்துவைக்கும் நாள்.

மூக்கு உடைந்த சிலைகளை ஓட்டமாகக் கடந்தேன். பீங்கான் ஜாடிகளில் ஊறுகாய் இருக்கிறதா என்று எக்கிப் பார்த்தேன். அடுத்த கூடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய கண்ணாடி அலமாரிக்குள் படிப்படியாகத் தட்டுகள். அவற்றின் மேல் கிருஷ்ணநகர் மண்பொம்மைகள். நெசவாளி, மீன்காரி, பல்லக்குத் தூக்கிகள். கீழ்த்தட்டில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்ட ஒரு பெண். தட்டுகளை எண்ணினேன். ஏழு! ஒற்றைப்படை. முறை தெரிந்த யாரோ நமக்கு முந்தியே கொலு வைத்துவிட்டார்கள். 

கொலு பார்க்கப் போனால் பாடாமல் வரக்கூடாது. கைகூப்பி, அம்மா கற்றுக்கொடுத்த அம்பாள் பாட்டை உரக்க எடுத்துவிட்டேன். கூடமே அதிர்ந்தது. அப்பா முகம் சிவந்து சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே காவல் நின்ற, தலைப்பாகை கட்டிய தர்வான் விரைந்து வந்தார். வந்தவர் அதட்டாமல் கைகட்டி நின்று கேட்டார். பாட்டு முடிந்ததும் நான் வழக்கம்போலப் பாவாடையை ஏந்திக்கொண்டு சுண்டலுக்கு நின்றேன். அவர் கொஞ்சம் விழித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி வறுத்த கடலையை எடுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா, நீயும் ஒண்ணு பாடு."

அம்மா கீழ்த்தட்டுப் பெண்ணின் எதிரே நின்றிருந்தாள். மடியிலிருந்த மண்குழந்தையையே பார்த்தபடி மெல்லப் பாட ஆரம்பித்தாள். தம்பியைத் தூங்கப்பண்ணும் அதே தாலாட்டு. தர்வான் முன்னால் எனக்கு மானம் போயிற்று.

"கொலுவிலே போய் யாராவது தாலாட்டுப் பாடுவாளா?" என்று புடவையை இழுத்தேன்.

சற்று முன் என் பாட்டுக்குக் கூசிய அப்பா என் கையைப் பிடித்து விலக்கினார். "பாடட்டும், விடு" என்றார்.

அம்மா முழுவதும் பாடினாள்.

மறுநாள் சாயங்காலம் பெட்டி திறந்தது. சாவி அம்மாவின் இடுப்புக் கொத்திலேயே இருந்தது. மாயவீட்டின் வேலைதான் என்று முடிவுகட்டி, அக்கம்பக்கமெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு பொம்மையாக நான் எடுத்துக் கொடுக்க, அம்மா படியில் வைத்தாள். தவழும் கிருஷ்ணனை மட்டும் துணியைப் பிரிக்காமல் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டாள்.

தம்பி ஊரிலிருந்து வந்ததும் விளையாடக் கொடுப்பதற்கு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பால்குடி மறக்காத குழந்தையைத் தாயை விட்டுப் பிரித்து யாரும் ஊருக்கு அனுப்பமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.