சிவப்புத் துணி கட்டிய செடிகள்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் ‘பிரிப்பு மாமா’. டெய்லரக்கா வீட்டுக்காரர் என்றாலும் தெரியும்தான். ஆனால் பிரிப்பு மாமா என்று கேட்டால் தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே வீட்டைக் கை காட்டுவார். அக்கா தைப்பார், இவர் பிரிப்பார். குடோன் வேலை போய் இவர் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலத்தில் ஒருநாள் அக்கா ஒரு சட்டையைத் தூக்கி மடியில் போட்டு, “சும்மா இருக்கிற கைதானே, இதைப் பாத்துப் பிரிங்க” என்றார். அன்று பிடித்த பிளேடை இவர் இன்னும் கீழே வைக்கவில்லை. இடுப்பு பிடிக்கிற கால்சட்டை, தோள் ஏறிய கவுன், தலைகீழாக வைத்துத் தைத்துவிட்ட பாக்கெட் என எது வந்தாலும் ஒன்று விட்டு ஒன்றாகத் தையலை அறுத்து, நூலை ஒரு பக்கமாக உருவுவார். துணிக்கே தெரியாமல் தையல் கழன்று வந்துவிடும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தையல் நன்றாக இருந்தால் தைத்தவருக்குப் பேர் கிடைக்கும். பிரிப்பு நன்றாக இருந்தாலோ பிரித்ததே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வேலையை யார் மெச்சுவார்கள்? மாமாவுக்கு அதில் உள்ளூர ஒரு குறை. வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அக்கா, “அதுக்கு இப்ப உங்களுக்கு மாலை போடணுமாக்கும்!” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

அக்காவின் மிஷின் பின்னறை ஜன்னலோரம் இருந்தது; அந்த அறைதான் கடை. ஒவ்வொரு முறை ஊசியில் நூல் கோத்ததும் தலையைத் தூக்கி வெளியே ஒரு பார்வை பார்ப்பார். வெளியே அவருடைய தோட்டம். மனைவியின் முகத்தில் பாதிச் சிரிப்பு அந்த ஜன்னல் வழியாகத்தான் வருகிறது என்பது மாமாவுக்குத் தெரியும்.

இந்தக் கோடையில் பள்ளிச் சீருடை ஆர்டர் தலைக்கு மேல் போய்விட்டது. காலர், பாக்கெட், காலர், பாக்கெட் என்றே கோடை ஓடியது. தோட்டத்துக்கு ஒரு குடம் தண்ணீர் போனாலே பெரிது. கோடை முடிகிற சமயத்தில் கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைத்து அனுப்பிவிட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தைக் காணோம். நடுவில் பெய்த கோடை மழைக்கு இடுப்பளவுக்குக் களைக்காடு நின்றது.

மாடியில் குடியிருக்கும் மகள் இறங்கி வந்தாள். அவள் குழந்தை அப்போதுதான் நடை பழகியிருந்தது. பின்கதவு திறந்திருந்தால் போதும், ஒரே ஓட்டம்.

“அம்மா, உள்ள என்ன ஊருதுன்னே தெரியல. கொத்தனார்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை வந்து சிமென்ட் போட்டுடுவார்.”

“ஏண்டி, அது என் தோட்டம்டி!”

“தோட்டமா இருந்தா நான் ஏம்மா வாயைத் திறக்கப் போறேன்? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாக்கறேன். தோட்டம் மாதிரி இருந்தா நானே அவருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சல். அன்று முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பாமலே தைத்தார். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. அக்காவுக்கு முட்டி மடங்காது, உட்கார்ந்து களை எடுக்க முடியாது. மாமாவுக்கோ செடிகொடி விஷயத்தில் அ, ஆ தெரியாது.

“நீ காட்டு, நான் பிடுங்கறேன்” என்றார்.

சனிக்கிழமை காலை அக்கா ஒரு கை நிறையச் சிவப்பு வெட்டுத்துணியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். இலை கொட்டிய மிளகாய், பூச்சி அரித்த கத்தரி, சுருண்டு கிடந்த தக்காளி, வெறும் குச்சியாக நின்ற ரோஜாப் பதியன் என்று தன் செடிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து, துணியைக் கிழித்துக் கிழித்துக் கட்டினார். கட்டி முடிக்கவும் பள்ளியிலிருந்து ஆள் வரவும் சரியாக இருந்தது. சில சட்டைகளில் அளவு மாறிவிட்டதாம். அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டியபடியே குரல் கொடுத்தார்:

“சிவப்புத் துணி கட்டினதைப் பாத்துப் பிடுங்குங்க!”

கட்டியதெல்லாம் என் செடி, அதற்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டு மற்றதைப் பிடுங்குங்கள் என்பது அக்கா சொன்ன அர்த்தம். ஆனால் அந்தக் கடையில் ஒரு துணியில் சிவப்பு கட்டியிருந்தால் அதைப் பிரிக்க வேண்டும். ‘சிவப்பு கட்டினதைப் பாத்துப் பிரிங்க’ என்பதைக் கேட்டுக் கேட்டே மாமாவுக்குத் தலை நரைத்தது. பாத்து என்றால் பதமாக. அவ்வளவுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

விறைப்பான துணியை ஈரம் காட்டிப் பிரிப்பதுபோல முதலில் மண்ணுக்குத் தண்ணீர் விட்டார். ஊறியதும் கரண்டியால் சுற்றிலும் தோண்டி, வேரை விரலால் நீவி நீவி எடுத்தார். வெடுக்கென்று இழுப்பது அவர் கைக்கு வராது. ஒரு மிளகாய்ச் செடியில் பிஞ்சு ஒன்று தொங்கியது. கை ஒரு நிமிஷம் நின்றது. ‘அவளுக்குத் தெரியாததா?’ என்று அதையும் எடுத்தார். அக்கா கண்ணில் காட்டாமல் எதையும் குப்பையில் போட்டுப் பழக்கமில்லாததால், எல்லாவற்றையும் நிழலில் ஈரக் கோணியின்மேல் வரிசையாகப் படுக்க வைத்தார்.

அக்கா திரும்பி வந்து பின்கதவைத் திறந்தார்.

“அய்யய்யோ! என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

“சிவப்பு கட்டினது மொத்தமும் முடிஞ்சுது” என்றார் மாமா, மண் கையோடு, பெருமையாக. “வேற ஏதாவது இருக்கா?”

“சிவப்பு கட்டினா காப்பாத்தணும்ங்க!”

“கடையில சிவப்பு கட்டினா பிரிக்கணும்னு நீதானே...”

அக்கா கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்து அழுதுவிட்டார். “போச்சு. எல்லாம் போச்சு. இனி சிமென்ட்தான்.”

மாமாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவளுக்காகச் செய்யப் போய் அவள் ஜன்னலையே அடைத்துவிட்டோமே! கோணியை இழுத்து அவள் முன்னால் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு கத்தரியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அடுத்து மிளகாய். பிறகு தக்காளி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“என்னங்க, ஒரு வேர்கூட அறுகலையே! மயிரிழை வேர் முதற்கொண்டு அப்படியே இருக்கு.”

மாமா பக்கத்தில் குந்தி எட்டிப் பார்த்தார்.

“பிரிச்சதுதானே, திரும்பத் தைச்சுடலாம் எழுந்திருங்க!” என்று அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இப்ப நிக்கறது மொத்தமும் களைதான். பாக்கவே வேண்டாம், இழுத்துப் போடுங்க!”

வாழ்க்கையில் முதல் தடவையாக மாமா பார்க்காமல் பிடுங்கினார். அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. மண்ணைக் கொத்தியதும் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடி டேப்பை நீட்டிச் சொல்லச் சொல்ல, மாமா நூல் பிடித்து வரிசை போட்டார். நடுவில் குழந்தை நடக்க ஒரு பாதை. வெயில் தாழ்ந்ததும் பழுத்த இலைகளைக் கிள்ளிவிட்டு நட்டார்கள். மறுநாள் முழுக்கப் பழைய போர்வையைக் கட்டி நிழல் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தரை துடைத்து விட்டது மாதிரி இருந்தது. வரிசையும் கச்சிதம். ஆனால் செடிகளெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

“இடம் நல்லாத்தான் இருக்கு. செடிதான் எல்லாம் செத்த மாதிரி நிக்குது. இது பிழைக்குமாம்மா?”

மாமா கால் நகத்தைப் பார்த்தார்.

“பிழைக்கும்” என்றார் அக்கா. “பிரிச்சது உங்கப்பா. இத்தனை வருஷத்துல உங்கப்பா பிரிச்சு ஒண்ணாவது கிழிஞ்சிருக்கா, சொல்லு பாப்போம்?”

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சின்ன வயதில் போட்ட கவுன்கள் எல்லாம் அவள் வளர வளர இவர் பிரித்து, அம்மா பெரிதாக்கித் தந்தவை. பழைய தையல் எங்கே இருந்தது என்று அவளால் ஒருநாளும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். “கொத்தனாரா? நாளைக்கு வர வேண்டாங்க.”

திங்கட்கிழமை காலை மாமா சீருடைச் சட்டை ஒன்றின் தோளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா ஊசியில் நூல் கோத்தார். தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“என்னங்க, உங்க மிளகாய் தலை தூக்கிடுச்சு.”

‘உங்க மிளகாய்’ என்றார். மாமாவுக்கு மாலை விழுந்துவிட்டது.