தூக்காதீங்க, நானே வாரேன்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து ராஜேஸ்வரி அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய மருமகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் விமானச் சீட்டுத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த பயணம் எங்கே என்று அக்காவும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். அழுதேன். ஆனால் அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவரை நினைத்தால் அழுகையோடு சிரிப்பும் வந்துவிடும்.

கொழுந்து பறிக்கும்போது மலைச்சரிவில் விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆசிரியையான எனக்குச் சிறுவயதிலிருந்தே நடக்க முடியாது. பதுளை ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் சக்கர நாற்காலிகள் முட்டிக்கொண்டன. "டீச்சர், பிளேன்ல நம்மள ஏத்துவாங்களா?" அதுதான் அவருடைய முதல் கேள்வி. சிறுமியாக இந்தியாவுக்குப் போன அவருடைய மூத்த சகோதரி மீனாட்சி, திருச்சிக்குப் பக்கத்தில் முதுமையில் இருந்தார். அவரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது ராஜேஸ்வரி அக்காவின் ஆசை.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது முடியாமல் போனால் ஆண்கள் ரோட்டு வரை தூக்கி வருவது வழக்கம். நாங்கள் திருச்சிக்குப் புறப்பட்ட நாளில் அந்த வழக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் வந்தது. வழியனுப்ப வந்தவர்கள் வேனிலிருந்து அக்காவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு விமான நிலைய வாசலுக்கு ஓடினார்கள். அவருடைய நாற்காலியை யாரும் இறக்கவில்லை. வேன் அதோடு போய்விட்டது. "டேய், என் காலை வேன்ல விட்டுட்டு என்னைய எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?" சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது. வேனைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"தூக்குறவங்க கை நல்ல கைதான் டீச்சர். ஆனா தூக்கிட்டா, எங்க எறக்கி விடணும்னு அவங்கதானே முடிவு பண்றாங்க?" என்றார், நாற்காலியில் ஏறி அமர்ந்ததும்.

விமானத்தருகே போனால், எங்களை நாற்காலியோடு கதவு வரை உயர்த்தும் வண்டி பழுது. படியில் தூக்கிப் போகிறோம் என்று ஊழியர்கள் குனிந்தார்கள். அக்கா கையைக் காட்டித் தடுத்து, வேறு வண்டி கொண்டுவரும்படி சிங்களத்தில் சொன்னார். தாமதமானால் உங்களை விட்டுவிட்டுத்தான் விமானம் போகும் என்றார்கள். மற்றவர்களெல்லாம் ஏறிவிட்டார்கள். நான் அக்காவின் பக்கம் குனிந்தேன்.

"ஒரு தடவைதானேக்கா, தூக்கட்டுமே."

"அக்காவைப் பார்க்கப் போறேன் டீச்சர். மூட்டையாட்டம் போக மாட்டேன். பொறுங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் போகப்போகிறோமே என்று நான் கலங்கியபோது, வந்தது இன்னொரு வண்டி! உட்கார்ந்தபடியே மேலே மேலே உயர்ந்து, விமானக் கதவுக்கு நேராகப் போய் நின்றோம். ஓடுபாதையில் விமானம் வேகமெடுத்தபோது, "நமுனுகுல மலையை விட ஒசரமாப் போவுமா?" என்று கத்தினார். விமானமே திரும்பிப் பார்த்தது.

திருச்சி நிலைய வாசலில் மீனாட்சியம்மாவின் பேரன்கள் தூக்குவதற்கு ஓடிவந்தார்கள். "யாரும் தொடாதீங்க, நானே வாரேன்!" சாய்தளத்தில் தானே சக்கரத்தைத் தள்ளி விட்டவர், சகோதரியின் மேல் மோதித்தான் நின்றார். "வந்துட்டேன்க்கா" என்றபோது வாசலே அழுதது.

அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் வைத்துக்கொண்டேன். நேற்று மலேசியாவுக்குச் சீட்டுப் பதிந்துவிட்டேன். பயமும் சந்தோஷமுமாகத் தூக்கமே வரவில்லை. விமான நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள், "கூட யார் வருகிறார்கள்?"

"ஒருவரும் இல்லை. ஏற்றும் வண்டி மட்டும் வரட்டும்" என்றேன்.