தண்ணீருக்குள் தட்டிய ஊசி

போன கிழமை ஒட்டுசுட்டானில் என் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. ஒட்டுப் போடுகிற கடையில், ரியூப்பில் பூசிய சொலூசன் பசையின் மணம் மூக்கில் ஏறியதும் யோகாவின் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் நானும் அவளும் வேலை பார்த்த காலத்தில், அணுவிசை நுணுக்குக்காட்டியைச் சைக்கிள் ரியூப்பில்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். நிலம் கொஞ்சம் அதிர்ந்தாலும் அதற்குப் பொறுக்காது.

பெயர்தான் பெரிது. மெல்லிய தகடொன்றின் நுனியில் ஓர் ஊசி. அது பொருளைத் தடவித் தடவிப் படம் கீறும். யோகாவுக்கு, செட்டிகுளத்தில் அவளுடைய அப்பாவின் வயல் மண்ணிலிருந்த பக்டீரியாவை உயிரோடு படம் பிடிக்க வேண்டும். படம் வராவிட்டால் அவளுக்கு ஆய்வுப் பட்டம் இல்லை. ஊசியை உரசவிட்டால் பக்டீரியாவையே வழித்துக்கொண்டு போனது. சரியென்று ஊசியை ஆடவிட்டு மெல்லத் தட்டிப் பார்த்தோம். காற்றில் அழகாகத் தட்டியது, ஆனால் பக்டீரியா காய்ந்து அப்பளமாகிவிட்டது.

"தண்ணிக்குள்ள வைச்சுத் தட்டுவம்," என்றாள்.

தண்ணீருக்குள் ஊசி ஆட மாட்டேன் என்றது. காற்றில் ஆடிய அதே வேகத்தில் ஆட்டி அரை நாளை வீணாக்கிய கெட்டிக்காரன் நான்தான். தண்ணீர் இழுத்துப் பிடிக்குமல்லவா? யோகா வேகத்தைக் குறைத்தாள். வரி வரியாகப் படம் வரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயலில் நெல் அரிவு வெட்டும் மெசின் உறுமியது. படமெல்லாம் நடுக்கம். யோகா செருப்பும் போடாமல் வரம்பால் ஓடினாள், நான் பின்னால்.

"அண்ணை, கொஞ்ச நேரம் நிப்பாட்டுவீங்களோ? ஒரு கிருமியைப் படமெடுக்கிறம்."

"ஏன் பிள்ளை, கிருமி பயந்திடுமோ?"

மெசின்கார அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் நிற்பாட்டினார். எங்களோடு வந்து திரைக்கு முன்னால் மூச்சுக் காட்டாமல் நின்றார். உருண்டு திரண்டு ஒரு பக்டீரியா. பக்கத்தில் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் இன்னொன்று. யோகா அழுதேவிட்டாள்.

"அட, உசிரோட! எங்கட வயலிலயும் இருக்குமோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை, கோடிக்கணக்கில."

யோகா இப்போது வெளிநாட்டில், வெற்றிடத்துக்குள் ஊசியை ஆட்டுகிறாள். இழுத்துப் பிடிக்கக் காற்றே இல்லாததால், ஆடத் தொடங்கிய ஊசி லேசில் நிற்காதாம். அணு அணுவாகத் தெரியுமாம். "இஞ்ச ஒருத்தரிட்டயும் நிப்பாட்டச் சொல்லிக் கேக்கத் தேவையில்லை," என்றாள் தொலைபேசியில். பிறகு, மெசின்கார அண்ணை இப்பவும் வாறவரோ என்று விசாரித்தாள்.

எங்களுக்கும் அதிர்வு தாங்கும் மேசை வந்துவிட்டது; இனி மெசின் உறுமினாலும் படம் நடுங்காது. ரியூப்பைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அறுவடைக்கு அதே அண்ணைதான் வருகிறார். மெசினை இயக்குமுன் எங்கள் வாசலைப் பார்த்து, "இண்டைக்குப் படம் இல்லையோ?" என்று கேட்பார். யோகா இல்லாதது எனக்கு அப்போதுதான் உறைக்கும்.

"இல்லையண்ணை, நீங்க வெட்டுங்கோ."