ஒரு வரிகூட மாறாத புரோகிராம்

மருந்துக் கிடங்கில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். பிறவியிலேயே பார்வை இல்லை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும் பழைய சரக்குப் புரோகிராமை, எழுத்தை வாசித்துச் சொல்லும் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு பத்தொன்பது வருடம் ஓட்டினாள். மற்றவர்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் மூன்று லாரிக்குச் சரக்குப் பிரித்துவிடுவாள்.

பழைய மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணவே, புரோகிராமை வெப்அசெம்பிளி என்ற புது முறைக்கு மாற்ற ஒரு இன்ஜினியர் வந்தான். இனி அது பிரவுசருக்குள்ளேயே ஓடும்; எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அதே கறுப்புத் திரை. எந்த பட்டனுக்கு என்ன நடக்கும் என்று இரண்டு வாரம் அவளிடம்தான் கேட்டு எழுதிக்கொண்டான். வாய் வலிக்க வலிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

தொடங்குகிற அன்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் அவளையே உட்கார வைத்தார். தட்டினாள். காதில் குரல் "காலி" என்றது. மறுபடி தட்டினாள். "காலி."

"தம்பி, எதையுமே வாசிக்க மாட்டேங்குதே?"

"அதே புரோகிராம்தான் மேடம், ஒரு வரிகூட மாத்தலை. திரையை மட்டும் படமா வரையுது, படத்துல இருக்கிற எழுத்தை உங்க குரலால வாசிக்க முடியாது. அதை வாசிக்க வைக்கணும்னா இன்னும் ரெண்டு நாள் வேலை."

"ஒரு ஆளுக்காக ரெண்டு நாளா? விடுங்க" என்றார் மேனேஜர்.

"ரேடியோவுக்கு ஸ்டேஷன் கிடைக்கலப்பா" என்றான் பின்னால் ஒருவன். அறையே சிரித்தது.

மறுநாள் அவளுக்கு வாசலோரம் ஒரு நாற்காலி, அடிக்கவே அடிக்காத ஒரு போன். அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். "அக்கா, சரக்கைத் திருப்பி எடுக்க எந்த பட்டன்?" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்பாள். கிடங்கில் ரேடியோவை அக்கா என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

ஒரு மாதம் ரேடியோ பொறுமையாகப் பதில் சொன்னாள். ஒரு மதியம் வயிற்றெரிச்சல் தாங்காமல், தெரிந்தே வேறு பட்டனைச் சொன்னாள். அன்றைய லோடு பட்டியல் மொத்தமும் அழிந்தது. ஏழு லாரிகள் கிளம்ப முடியாமல் நின்றன.

"அக்காதான் சார் சொன்னாங்க" என்று அந்தப் பெண் அழுதாள்.

"கண்ணு தெரியாதவங்க மேல பழி போடுறியா? வெக்கமா இல்ல? பையை எடுத்துக்கிட்டு கிளம்பு" என்றார் மேனேஜர்.

ரேடியோ எழுந்தாள். "சார், நான்தான் வேணும்னே தப்பா சொன்னேன்."

"அவளைக் காப்பாத்தப் பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு என்னம்மா தெரியும்? உக்காருங்க."

அந்தப் பெண் அவளைத் தாண்டித்தான் வெளியே போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை.

அடுத்த வாரம் வேறொருத்தி வந்தாள். வாசலில் இருக்கிற அம்மாவிடம் எதையும் கேட்காதே என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.