கண்டக்டர் ஃபிஸ்க்கின் பெயர்க்காசுகள்

1987 மார்ச் 9, திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். தார்ன்விக் நகரப் பதிவேட்டுக் காப்பகத்தின் வருகையேட்டில் லெனர்ட் ஃபிஸ்க் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நேரம் அது. ஏடு இன்னும் இருப்பதால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

மேசைமேல் ஒரு புகையிலை டப்பாவை வைத்தார். இங்கே புகைபிடிக்கக் கூடாது என்றேன்.

"இது புகையிற சமாச்சாரம் இல்லம்மா, பேர் உள்ள சமாச்சாரம்" என்று மூடியைத் திறந்தார். உள்ளே நாற்பத்தொரு பழைய பென்னிக் காசுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. மறுபக்கம் வழவழவென்று தேய்க்கப்பட்டு, ஊசியாலோ உளியாலோ ஒரு மனிதப் பெயர் கீறப்பட்டிருந்தது.

ஃபிஸ்க் இருபத்தொன்பது ஆண்டுகள் பஸ் கண்டக்டராக இருந்தவர். பழைய பென்னிகள் செல்லாமற்போன 1971 வரை, நூறு வயதான காசுகள்கூட அவர் தோற்பைக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தன. பெயர் வெட்டிய காசு கிடைத்தால் தன் காசொன்றைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். "ராணியம்மா மூஞ்சி பத்தாதுன்னு வேலைக்காரி பேரையெல்லாம் சேக்கிறியா, லென்?" என்று பணிமனையில் கேலி செய்வார்களாம். ஊரார் பெயர் நாற்பத்தொன்றை மனப்பாடமாகச் சொல்லும் மனிதருக்குத் தன் பிறந்தநாள் மட்டும் நினைவில் நிற்பதில்லை என்பது அவர் மனைவி மேவிஸின் புகார்.

அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் யார் என்று கண்டுபிடித்து, காசை அவரவர் குடும்பத்தில் சேர்ப்பதே அவர் நோக்கம். காசுக்கு ஒரு பக்கமாகக் குறிப்பேடு வைத்திருந்தார். இருக்கக்கூடிய வரலாறுகளை அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார்: காதலன் தந்தது, குழந்தை பிறந்தபோது செய்தது, வீட்டைவிட்டுப் போகிறவளுக்குக் கொடுத்தது, வேலையற்ற ஒருவன் பொழுதுபோக்கக் கீறியது. சான்று கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். அடிபடாமல் ஒன்று மிஞ்சினாலும் அதை முடிவு என்று சொல்லமாட்டார்; "இப்படி இருக்கலாம்" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்ச உறுதி. இலையுதிர்காலத்துக்குள் பத்துக் காசுகள் வீடு சேர்ந்தன. உள்ளூர்ச் செய்தித்தாள் ஒவ்வொரு முறையும் நான்கு வரி போட்டது.

பதினொன்றாவது காசில் 'கெசையா கெரிட்ஜ், 1884' என்று இருந்தது. மேலே கயிறு கோக்க ஒரு துளை; பெயருக்குக் கீழே சின்னஞ்சிறு நங்கூரம். எங்கள் கடற்கரையில் அந்தப் பெயரில் இருவர் அகப்பட்டனர். ஒருத்தி வெஸ்ட்மியர் கிராமத்தில் 1861இல் ஞானஸ்நானம் பெற்றவள். மற்றொருத்தி கார்ல்பியில் 1864இல் பெற்றவள். இரண்டு குடும்பங்களுக்கும் உறவு கிடையாது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, வெஸ்ட்மியர் ஏடுகளைப் பார்க்கத் தொடங்கும்போதே நாலரை மணி ஆகிவிட்டது. அவர் ஊருக்குப் போகும் கடைசி பஸ் நாலே முக்காலுக்கு. மிச்சத்தை நான் பார்த்துச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினேன். வாசகர்களுக்காக ஊழியர் தேடித் தருவது விதிக்குப் புறம்பு, தெரிந்தேதான் செய்தேன். அடக்க ஏட்டில் 1863ஆம் ஆண்டில், 'கெசையா கெரிட்ஜ், வயது இரண்டு' என்ற வரி கண்ணில் பட்டது. வெஸ்ட்மியர்க் குழந்தை இறந்துவிட்டாள். ஆகவே காசு கார்ல்பிக்காரியுடையது என்று முடிவுகட்டி ஏட்டை மூடினேன்.

மறுநாள் அவரிடம் சொன்னபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஞானஸ்நான ஏட்டையும் கடைசி வரைக்கும் பாத்துட்டீங்களா, மிஸஸ் பெக்?"

பார்த்துவிட்டேன் என்றேன். பார்த்திருக்கவில்லை.

நவம்பரில் காசு கார்ல்பிக்குப் போனது. அங்கே இரும்புக்கடை வைத்திருந்த டெனிஸ் கெரிட்ஜ் அதைச் சட்டமிட்டு, செய்தித்தாள் துணுக்கோடு கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

டிசம்பர் முதல் வாரத்தில் மிஸ் ஐவி கெரிட்ஜ் வந்தார். வயது எழுபத்தாறு, வெஸ்ட்மியரில் தனியாக இருந்தவர். என் மேசையருகே ஃபிஸ்க் நின்றுகொண்டிருந்தார். அம்மையார் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கேட்டார்:

"அந்தக் காசுல நங்கூரம் இருக்குதா?"

செய்தித்தாளில் நங்கூரத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. இருக்கிறது என்றார் ஃபிஸ்க்.

"ஒரு பக்கத்துக் கொக்கி குட்டையா இருக்குமே? ஆணி வழுக்கிருச்சுன்னு அப்பா சொல்லுவாரு. அவருக்கு அப்ப பன்னெண்டு வயசு."

கொக்கி குட்டைதான். தாயில்லாத தம்பி வால்டரை வளர்த்த அக்காள் கெசையா 1884இல் லண்டனில் வீட்டுவேலைக்குப் போனாள். போகுமுன் அவன் ஒரு பென்னியை வாசற்படிக் கல்லில் ஒரு வாரம் தேய்த்து, பெயர் கீறிக் கழுத்தில் கட்டிவிட்டான். ஆறு ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோயிற்று. வால்டரின் மகள்தான் ஐவி. அத்தையின் படமோ கையெழுத்தோ அவரிடம் எதுவும் இல்லை. அந்தக் காசு தமக்கு வேண்டும் என்றார்.

நான் வெஸ்ட்மியர் ஞானஸ்நான ஏட்டை எடுத்துவந்தேன். 1865ஆம் ஆண்டுப் பக்கத்தில், அதே தாய் தந்தையருக்கு, மற்றொரு கெசையா இருந்தாள். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறப்பதற்கு வைப்பது அக்காலத்தில் இங்கே எல்லா வீட்டிலும் நடந்தது. எங்கள் வேலையில் முதல் வாரமே சொல்லித் தரும் பாடம் அது. ஃபிஸ்க் அந்த வரியைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

காசு எப்படிக் கிடைத்தது என்று ஐவி அவரிடம் கேட்டார். 1958இல் யாரோ பஸ் கட்டணமாகக் கொடுத்தது என்று சொன்னார்.

"அப்ப அத்தை அதைச் செலவு பண்ணிட்டாங்களா?"

"பசியில செலவு பண்ணியிருக்கலாம். களவு போயிருக்கலாம். அவங்க செத்தப்புறம் எவனாச்சும் பெட்டியத் துழாவி எடுத்திருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்."

"எங்கப்பா கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன். எனக்கு அந்தப் பொய் வேணாம். காசு வந்தா போதும்."

அந்தச் சனிக்கிழமையே ஃபிஸ்க் கார்ல்பிக்குப் போனார். இரும்புக்கடைக்காரர் லேசில் இறங்கிவரவில்லை.

"ஊர் பாக்கக் குடுத்தீங்க, இப்ப யாருக்கும் தெரியாம எடுத்துக் குடுன்னா எப்படி, மிஸ்டர் ஃபிஸ்க்? ஆணி வாங்க வர்றவன்கூட சட்டத்துல இருக்கிற கெசையாவுக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை பண்ணிட்டுத்தான் ஆணி கேக்கறான்."

தவறு யாருடையது என்று பெயரோடு செய்தித்தாளில் வரவேண்டும், வந்தால்தான் காசு என்று சொல்லிவிட்டார். எங்கள் தலைமைக் காப்பாளர் மிஸ் ஆல்டஸுக்கும் ஒரு கடிதம் எழுதினார்.

ஜனவரியில் மிஸ் ஆல்டஸ் எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். என் தகுதிகாண் பருவம் பிப்ரவரியில் முடிய இருந்தது. என் கணவர் கப்பல் கட்டும் தளத்தில் வேலையிழந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இவை இரண்டும் ஃபிஸ்க்குக்குத் தெரியும். ஏட்டைத் தேடியவர் யார் என்று மிஸ் ஆல்டஸ் கேட்டார்.

"நான்தான்" என்றார் ஃபிஸ்க். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரப்பட்டேன். மிஸஸ் பெக் புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்து வச்சாங்க, அவ்வளவுதான்."

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

அவர் பெயரோடு திருத்தம் வெளியாயிற்று. காசு ஐவி கெரிட்ஜின் கைக்கு வந்தது. அதே நாளில் துளையில் புது நூல் கோத்து அணிந்துகொண்டார் என்று பின்னர் அறிந்தேன். காப்பகத்துக்குக் கெட்ட பெயர் வந்ததாகச் சொல்லி, ஃபிஸ்க்கை உள்ளே அனுமதிக்கும் வாசகர் சீட்டு ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. முன்பு காசு பெற்ற குடும்பங்களில் நான்கு, தங்களுடையதாவது சரிதானா என்று கேட்டு எழுதின. ஒன்று காசைத் தபாலில் திருப்பியே அனுப்பிவிட்டது. அவற்றை நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், கடைசிப் பக்கம் வரை. எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அதன்பின் அவர் எந்தக் காசையும் யாருக்கும் கொடுக்கவில்லை. எஞ்சியவை டப்பாவிலேயே தங்கின.

பிப்ரவரியில் என் வேலை நிரந்தரமாயிற்று. அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினேன்.

1989இல் ஃபிஸ்க் மீண்டும் வந்து பழைய மேசையிலேயே உட்கார்ந்தார். மற்ற வாசகர்கள் கேட்பதுபோலவே ஏடு கேட்பார், பென்சில் கேட்பார். தமக்கு முன்பு வந்தவருக்கே முதலில் எடுத்துக்கொடுக்கச் சொல்வார். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் நான் அந்தப் பேச்சைத் தொடங்கினேன். "பஸ் வந்துருச்சு, மிஸஸ் பெக்" என்றார். உண்மையிலேயே வந்திருந்தது, ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நானும் தொடங்கவில்லை.

1998 நவம்பரில் அவர் காலமானார். அடக்கம் முடிந்து தேநீர் கொடுத்தபோது மேவிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஒரு தப்பைத்தான் பண்ணிட்டாரும்மா, பாவம். மத்ததெல்லாம் ஒழுங்காத்தான் பாத்தாரு" என்றார். ஏட்டைத் தேடியது நான் என்று தம் மனைவியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.